லூசியைப் பார்த்து என் மகளும் பந்தை இழுக்கிறாள்

மொட்டைமாடி:
பீநட்ஸ் என்ற அமெரிக்கப் படக்கதை படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த ஆங்கிலப் பேப்பரில் அந்த நாலு கட்டம் வரும். அக்கா படித்து முடித்து, மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். கெஞ்சினால்தான் கிடைக்கும். கிடைத்தாலும் பாதி புரியாது. பெரிய தலை, கோணல் கோடு போட்ட சட்டை, முகம் தொங்கிப்போன சார்லி ப்ரவுன் என்றொரு பையன், அவ்வளவுதான்.

இப்போது ஒரு தொகுப்பு வாங்கிப் பிள்ளைகளோடு படிக்கிறேன். மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஐந்து. போன ஞாயிறு மாடிக்குப் போனால், அவள் பந்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறாள், இவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து உதைக்க ஓடி வருகிறான். கிட்டே வந்ததும் அவள் வெடுக்கென்று இழுக்க, தொப்பென்று மல்லாக்க விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. அதட்டினால், "லூசி அப்படித்தானே செய்வாள்" என்கிறாள். கதையில் சார்லி ப்ரவுன் உதைக்க ஓடி வரும்போதெல்லாம் பந்தை இழுத்துவிடுகிற பெண்தான் லூசி. அவனோ அழுதுகொண்டே "இன்னொரு தடவை" என்கிறான்!

புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிடலாமா? அப்புறம், விழுவோம் என்று தெரிந்தும் சார்லி ப்ரவுன் ஏன் ஓடி வருகிறான்?

பழைய பேப்பர்:
1950 அக்டோபர் 2, ஏழு பேப்பர்களில் வந்த முதல் நாள் கட்டங்களைப் பாருங்கள். சார்லி ப்ரவுன் பாட்டுக்கு நடந்து போகிறான். உட்கார்ந்திருக்கும் ஷெர்மி என்ற பையன், நம்ம சார்லி ப்ரவுன் என்று வாய் நிறையச் சொல்கிறான். அவன் தாண்டிப் போனதும், எவ்வளவு வெறுக்கிறேன் அவனை என்கிறான். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது வருட வருத்தத்துக்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா முடிதிருத்துபவர், சார்லி ப்ரவுனின் அப்பாவுக்கும் அதே தொழில். 1943-ல், ராணுவத்தில் சேர்ந்த சமயத்தில், அம்மா புற்றுநோயில் போய்விட்டார். ஆக, அந்தத் துக்கம் சொந்தச் சரக்கு. அக்கா தம்பி சண்டை மட்டும் அவர் வளர்ந்த வீட்டில் கிடையாது. பின்னால் ஐந்து பிள்ளைகளுக்கு அப்பாவானார், அங்கே பார்த்திருக்க வேண்டும்.

மூத்தவள்:
எனக்கு மூன்று தம்பிகள். லூசியைத் திட்டுகிறவர்கள் எல்லாம் கடைக்குட்டிகளாகத்தான் இருப்பீர்கள். 1972-ல் ஒரு நாள் தம்பி லைனஸை வீட்டைவிட்டே துரத்துகிறாள். உடனே இன்னொரு தம்பி பிறந்திருக்கிறான் என்று சேதி வருகிறது. இப்போதுதானே பழையவனைத் தொலைத்தேன் என்று கத்துகிறாள்! டிவியில் போட்டதையே திரும்பப் போடுவதுபோல இருக்கிறதென்று, அந்தக் குழந்தைக்கு ரீரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அதே லூசி இன்னொரு நாள், நன்றி சொல்ல என் வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்று புலம்புவாள். உன்மேல் பிரியமாக ஒரு தம்பி இருக்கிறானே என்பான் லைனஸ். அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிடுவாள். எப்போதாவது நானும் சரியானதைச் சொல்லிவிடுகிறேன் என்பான் அவன். அதைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டியிருந்தேன். மூன்று தம்பிகளில் ஒருவனும் ஏன் என்று கேட்டதில்லை.

நாலு கட்டம்:
ஏன் ஓடி வருகிறான் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கடைசிப் பந்து தெரியுமா? 1999 அக்டோபரில் ஒரு ஞாயிறு. லூசியைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பந்தை ரீரனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறாள். அப்புறம் அவன் வந்ததும், இழுத்தாயா, உதைத்தானா என்று துளைக்கிறாள். உனக்குத் தெரியவே போவதில்லை என்கிறான் அந்தப் பொடியன். நமக்கும் காட்டவில்லை. நாலு மாதம் கழித்து, 2000 பிப்ரவரி 12 இரவு ஷுல்ஸ் இறந்தார். விடிந்தால் பேப்பரில் கடைசி ஞாயிறு ஸ்ட்ரிப். மொத்தம் 17,897, வரைய உதவியாள் வைத்துக்கொள்ளாமல்.

பரண் வேண்டாம். விழுகிற இடத்தில் பழைய மெத்தையைப் போடுங்கள்.

மொட்டைமாடி:
மெத்தை போட்டாயிற்று. இன்று காலை அடுத்தது. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, லூசி மாதிரியே மனக்குறை கேட்கும் கடை வைத்திருக்கிறாள். அங்கே ஐந்து சென்ட், இங்கே ஐந்து ரூபாய். முதல் போணி தம்பிதான். "அக்கா பந்தை இழுக்கிறாள்" என்று அவளிடமே புகார் கொடுத்திருக்கிறான். ஐந்து ரூபாய் என் சட்டைப் பையிலிருந்து போயிருக்கிறது.