நியூகாசில் ஃபுட்பால் கிளப்போட கோல் அடிக்கிற ஆளு இசாக் பண்ணுனது நியாயமா? ஆட மாட்டேன்னு ஸ்ட்ரைக் பண்ணித்தான் கிளப் மாறணுமா

டைன்கரைத் தம்பி:
எங்க நியூகாசிலோட 2028 வரைக்கும் கான்ட்ராக்ட் இருந்துச்சு, லிவர்பூல் கூப்டுச்சுன்னதும் டீமோட சேராம ஸ்பெயின்ல போயி பழைய கிளப் சோசிடாட் கிரவுண்டுல தனியா ஓடிட்டு இருந்தாரு. 2025 ஆகஸ்ட்ல ஆஸ்டன் வில்லாவோட முதல் மேட்ச், அவங்கள்ல ஒருத்தனுக்கு ரெட் கார்டு, 10 பேர்தான் ஆடுறாங்க, நம்மகிட்ட ஸ்ட்ரைக்கர் இல்லாம கோர்டனை நடுவுல நிறுத்தி 0-0. போன ரெண்டு பாயிண்டை யாரு தருவா? டிரான்ஸ்ஃபர் முடியுற கடைசி நாள்ல 125 மில்லியன் பவுண்டுக்கு ஆளு லிவர்பூல் போயாச்சு. அப்புறம் கான்ட்ராக்ட் பேப்பர் எதுக்கு?

கோப் ஸ்டாண்ட் கோபால்:
சும்மா அழாதீங்க ப்ரோ. கிளப்புக்கே ஒரு ஆளு வேணாம்னா என்ன பண்ணுது? செல்சீல ஸ்டெர்லிங், டிசாசி ரெண்டு பேரையும் டீமோட சேக்காம ஒதுக்குனாங்க, அப்ப கான்ட்ராக்ட் புனிதம்னு ஒருத்தனும் பேசல. 2024 ஜூன்ல கணக்கு முடியுறதுக்குள்ள லாபம் காட்டணும்னு அகாடமிப் பையன் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்கு வித்தது உங்க கிளப்தானே

டைன்கரைத் தம்பி:
அது அப்ப இருந்த பிஎஸ்ஆர்ங்கிற பிரீமியர் லீக் நஷ்டக் கட்டுப்பாட்டு ரூல். 3 வருஷத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக்கூடாதுன்னு இருந்துச்சு. ஓனர் சவுதி ஃபண்டா இருந்தாலும் கஜானாவைத் திறக்க முடியாது, ஏற்கனவே வருமானம் பெருசா இருக்கிற கிளப்தான் சம்பளத்தை அள்ளிக் குடுக்கும். ஆசைகாட்டி இழுக்குறது அவங்க, திட்டு வாங்குறது நாங்க

ஓரமா ஒக்காந்தவன்:
ரெண்டு பேரும் செம காமெடி. தல, பிரென்ட்ஃபோர்டு ஸ்ட்ரைக்கர் விஸ்ஸா உங்க நியூகாசிலுக்கு வரணும்னு அந்த கிளப்போட போர்ச்சுகல் கேம்ப்ல இருந்தே கெளம்பி வந்துட்டாரு, அவரைக் காசு குடுத்து வாங்கும்போது கான்ட்ராக்ட் ஞாபகம் வரலையா. கோபால் அண்ணே, உங்க லிவர்பூல் டிரென்ட் ஸ்ட்ரைக் எல்லாம் பண்ணல, கான்ட்ராக்ட் முடிஞ்சதும் கெளம்புறேன்னுதான் சொன்னாரு, ஆர்சனல் மேட்ச்ல பந்தைத் தொட்டப்பல்லாம் உங்க ஆன்ஃபீல்டு ஸ்டேடியமே ஊளையிட்டுச்சு. இழுத்துக்கிட்டுப் போனாலும் தப்பு, சொன்னபடி இருந்துட்டுப் போனாலும் தப்புன்னா அவன் என்னதான் பண்ணுவான்

கோப் ஸ்டாண்ட் கோபால்:
டிரென்ட் கதை வேற, உள்ளூர்ப் பையன், கிளப்புக்கு ஒண்ணும் பெருசா கிடைக்கல, அதான் வயித்தெரிச்சல் 😤

ஓரமா ஒக்காந்தவன்:
அதத்தான் சொல்றேன், காசு வந்தா மன்னிப்பீங்க. ஸ்பெயின்ல மாதிரி எல்லா கான்ட்ராக்ட்லயும் ரிலீஸ் கிளாஸ், அதாவது இவ்வளவு காசு குடுத்தா ஆளை விட்டுடணும்ங்கிற ஷரத்து, கட்டாயம்னு வச்சுட்டா இந்த நாடகமே தேவையில்ல. உல்வ்ஸ் கிளப்ல இருந்து குன்யா 62.5 மில்லியன் பவுண்டு கிளாஸ்ல மான்செஸ்டர் யுனைடெட் போனப்ப ஏதாவது சண்டை வந்துச்சா?

டைன்கரைத் தம்பி:
உல்வ்ஸ் ரசிகனைக் கேட்டுப் பாருங்க நண்பா. கிளாஸ் வச்சா பெரிய கிளப்புக்கு அது விலைப்பட்டியல், பேரம் பேசக்கூட வேணாம். பார்சிலோனாவே 2017ல 222 மில்லியன் யூரோவை வாங்கிட்டு நெய்மரை விட்டுட்டு நின்னுச்சு, நாங்கல்லாம் எம்மாத்திரம்