ஐந்தாவது உருப்படி

எங்கள் வீட்டுக் குழு, சனிக்கிழமை

மாலதி அத்தை, காலை 9.40
கார்த்தி, நேற்று நீ அனுப்பிய ஆல்பத்தில் ஐந்தாவது உருப்படியை இரண்டு தடவை கேட்டேன். கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை, வில் போட்டு வாசிக்கிற வாத்தியங்கள் மட்டும். இதுவும் அந்த உறுமல் குழுவினுடையதுதானா, இல்லை வேறு யாருடையதாவது நடுவில் வந்துவிட்டதா?

கார்த்தி, 9.43
அவர்களுடையதுதான் அத்தை. கோர்கட்ஸ் என்ற குழு, கனடாவில் கியூபெக் மாகாணம். பாடுவதற்குப் பதில் உறுமுகிற டெத் மெட்டல் என்ற ராக் இசை வகை. ஆல்பத்தின் பெயர் ‘கலர்டு சாண்ட்ஸ்’, 2013இல் வந்தது. அந்த உருப்படியை எழுதியவர், மற்ற பாட்டுகளில் உறுமுகிற அதே லூக் லெமே. மாண்ட்ரியால் இசைப் பள்ளியில் வயோலாவும் இசையமைப்பும் படித்தவர்.

மாலதி அத்தை, 9.45
நினைத்தேன். ஒரு வாத்தியம் விட்ட இடத்தில் இன்னொன்று எடுக்கிற விதம், உட்கார்ந்து எழுதிப் பழகிய கை என்று தெரிந்தது.

கவிதா அக்கா, 9.58
அத்தை, நீங்கள் ஐந்தாவது வரை போய்விட்டீர்கள். எனக்கு முதல் பாட்டே முடியவில்லை. ஒரு வார்த்தை புரியவில்லை. இவ்வளவு ஆத்திரம் எதற்கு கார்த்தி? உனக்கு மனசு சரியில்லையா?

கார்த்தி, 10.04
நன்றாக இருக்கிறேன் அக்கா. அதை ஆத்திரம் என்று மட்டும் கேட்காதே. ஆல்பம் முழுக்க ஒரே விஷயம்தான்: திபெத். முதல் நான்கு பாட்டுகள் அந்த நாட்டின் அழகைப் பற்றி. முதல் பாட்டின் பிரெஞ்சுத் தலைப்புக்கு ‘உலகத்தின் கூரை’ என்று அர்த்தம். இரண்டாவது தலாய் லாமாவைப் பற்றியது, ‘ஞானக் கடல்’. தலாய் என்றாலே மங்கோலிய மொழியில் கடல்தான். அத்தை கேட்ட ஐந்தாவது, கிழக்குத் திபெத்தில் நடந்த சாம்டோ போர். 1950 அக்டோபரில் சீனப் படை ஆற்றைக் கடந்து உள்ளே வந்ததே, அது. அப்போது தலாய் லாமாவுக்கு 15 வயது. அதற்குப் பிறகு வருகிற நான்கு பாட்டுகளும் துயரம். ஒன்று தீக்குளித்தவர்களைப் பற்றி, ஒன்று மலையைத் தாண்டித் தப்பி ஓடுகிறவர்களைப் பற்றி.

கவிதா அக்கா, 10.06
இதை நீ முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பெரியப்பா, 10.21
தலைப்பில் உள்ள வண்ண மணல் என்பது திபெத்திய பிக்குகள் மணலால் போடுகிற கோலம், மண்டலம் என்பார்களே, அதுவா?

கார்த்தி, 10.22
ஆமாம் பெரியப்பா! மண்டலத்தில் மனம் போய்த்தான் லெமே திபெத் விஷயத்துக்கே வந்தார். உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெரியப்பா, 10.35
மைசூரில் வேலை பார்த்த காலத்தில் பைலகுப்பே திபெத்திய மடத்தில் பார்த்திருக்கிறேன். நான்கைந்து பிக்குகள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் நீளமான உலோகக் கூம்பு. அதன் மேல் இன்னொன்றை வைத்து உரச உரச, மணல் நூல் மாதிரி இறங்கும். அந்தக் கரகர சத்தம் மட்டும்தான் அறை முழுவதும். நான் பயந்து பயந்து மூச்சு விட்டேன், மணல் கலைந்துவிடக் கூடாதே என்று. பல நாள் வேலை. முடிந்ததும் பூஜை செய்து, பிரஷால் நடுவை நோக்கிக் கூட்டி, ஆற்றில் கரைத்துவிடுவார்களாம். அந்தக் கடைசியைப் பார்க்க நான் இருக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

அம்மா, 10.41
நாளை மதியம் சாப்பாட்டுக்கு யார் யார் வருகிறீர்கள்? அரிசி ஊறப் போட வேண்டும், இப்போதே சொல்லுங்கள்.

மாலதி அத்தை, 10.42
நான் வருகிறேன்.

பெரியப்பா, 10.42
நாங்கள் இரண்டு பேர்.

மாலதி அத்தை, 11.15
கார்த்தி, முதல் பாட்டையும் கேட்டேன். இரண்டு கிட்டாரும் ஒரே வரியை வாசிக்கவில்லை, அப்படித்தானே? பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க விடுகிறார்கள், அதனால் காதில் உராய்கிறது. நம் பாட்டில் ஸ்வரம் ஒற்றையாக நகரும், இந்த உராய்வுக்கு இடமே இல்லை. முதலில் அபஸ்வரம் என்று பட்டது. திரும்பக் கேட்டால், வேண்டுமென்றே அளந்து வைத்திருக்கிறார்கள்.

கார்த்தி, 11.20
அதேதான் அத்தை. ஒரு கிட்டார் லெமே, இன்னொன்று கெவின் ஹஃப்நேகல், பேஸ் கிட்டார் கோலின் மார்ஸ்டன். ஹஃப்நேகலும் மார்ஸ்டனும் டிஸ்ரித்மியா என்ற குழுவில் வருஷக்கணக்காகச் சேர்ந்து வாசித்தவர்கள். நியூயார்க்கில் மார்ஸ்டனின் ஸ்டுடியோவிலேயே ஒலிப்பதிவும் நடந்தது. டிரம்ஸ் ஜான் லாங்ஸ்ட்ரெத். தன்னுடைய ஆரிஜின் குழுவில் புயல் வேகத்தில் அடிக்கிறவர், இதில் பல இடங்களில் கையைக் கட்டிப்போட்டது மாதிரி காத்திருக்கிறார். ஓர் அடி, அப்புறம் இடைவெளி. எனக்கு அவர் வேகத்தைவிட அந்தக் காத்திருப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

கவிதா அக்கா, 11.26
எல்லாருமே சின்னப் பையன்களா?

கார்த்தி, 11.38
இல்லை அக்கா. இது அனுபவசாலிகள் செய்த ஆல்பம், எனக்கு இது பிடிக்க முக்கியமான காரணமே அதுதான். லெமே 1989இல் குழுவைத் தொடங்கினார். 1998இல் ‘ஒப்ஸ்கியூரா’ என்று ஒரு ஆல்பம். கிட்டாரை இப்படியும் வாசிக்கலாமா என்று இந்த இசைக்காரர்களே திகைத்தார்கள். 2002இல் டிரம்மர் ஸ்டீவ் மெக்டொனால்ட் இறந்துபோனார். லெமே குழுவை விட்டுவிட்டு கிராமப் பக்கம் போய் மரவேலை செய்ய ஆரம்பித்தார். தச்சு வேலை, மேசை நாற்காலி. பழைய கூட்டாளி ஸ்டீவ் ஹர்டில்தான், குழுவுக்கு இருபது வருஷம் ஆகப்போகிறது, மறுபடியும் ஒன்று செய் என்று தூண்டியவர். இதற்கு முந்தைய ஆல்பம் 2001இல் வந்தது, அதற்கும் இதற்கும் 12 வருஷம். ஹர்டில் 2012இல் காலமானார். ஆல்பம் வெளிவந்தபோது அவர் இல்லை.

கவிதா அக்கா, 11.40
அடடா.

பெரியப்பா, 11.52
மரத்தை இழைக்கிற கைக்கு மண்டலத்தின் பொறுமை புரிந்திருக்கும்.

அம்மா, மதியம் 12.10
கார்த்தி, கவிதா, நீங்கள் இரண்டு பேரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

கார்த்தி, 12.11
வருகிறேன் அம்மா.

கவிதா அக்கா, 12.15
நாங்களும்தான். பாப்பாவுக்கு மட்டும் காரம் இல்லாமல் கொஞ்சம் எடுத்து வை அம்மா.

மாலதி அத்தை, இரவு 10.48
முழுவதும் கேட்டு முடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. விளக்கை அணைத்துவிட்டு, பாட்டு வரிசை மாற்றாமல் கேட்டேன். அந்த ஐந்தாவது முடிந்து ஆறாவது தொடங்கியதும் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். போர் நடக்கும்போது வயலின் வாசிக்கிறார்கள், போர் முடிந்த பிறகு இடிக்கிறார்கள். நானாக இருந்தால் மாற்றித்தான் வைத்திருப்பேன். அவர் வைத்ததுதான் சரி. சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டது, மற்றது இன்னும் முடியவில்லை.

கார்த்தி, 10.50
அத்தை, நான் இதைப் பத்து வருஷமாகக் கேட்கிறேன். அந்த வரிசையை இப்படி யோசித்ததே இல்லை.

மாலதி அத்தை, 10.52
உறுமல் எனக்கு இன்னும் பழகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த இடத்தில் நல்ல குரலில் பாடினால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இவர்கள் வேறு என்ன செய்திருக்கிறார்கள்?

கார்த்தி, 10.55
2016இல் ஒன்று, முழுக்க ஒரே பாட்டு, 33 நிமிடம். அந்தக் காலத்தில் பாக்தாத்தில் அறிஞர்கள் கூடிய ஞான மாளிகையைப் பற்றியது. நாளை பெரிய ஹெட்போன் கொண்டுவருகிறேன், சாப்பிட்ட பிறகு சேர்ந்து கேட்கலாம்.

பெரியப்பா, 10.57
எனக்கும் சேர்த்துக் கொண்டுவா.

கவிதா அக்கா, 11.05
பாப்பா தூங்கிவிட்டாள். நான் நேராக ஐந்தாவதில் தொடங்கட்டுமா?

கார்த்தி, 11.06
வேண்டாம் அக்கா, நான்காவதில் தொடங்கு. அதுதான் மணல் பாட்டு. அது முடிந்து சாம்டோ வந்தால்தான் சரியாக இருக்கும்.

கவிதா அக்கா, 11.07
சரி. போட்டுவிட்டேன்.