ஸ்மார்ட் கார்டு ரீடரின் டிரைவர் கர்னலுக்குள் இருக்க வேண்டுமா?

கெடிலக்கரை:
கடலூர் முதுநகரில் மீனவர் சங்கம் ஒன்றின் கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். உறுப்பினர் அட்டையைச் செருகி டீசல் கணக்கைப் பதியும் ஆறு ரீடர்கள் அங்கே உள்ளன. அவற்றை விற்ற நிறுவனம் பழைய விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் (ரீடரை இயக்கும் நிரல்) கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. சிசிஐடி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் ரீடர் அன்று என்பதால் லினக்ஸில் செருகினால் எதுவும் அதை அடையாளம் காண்பதில்லை. எனவே யூஎஸ்பி வழியே போய்வரும் பைட்டுகளைப் பதிவுசெய்து, ரீடரின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு, யூஎஸ்பி சாதனத்தைச் சீரியல் போர்ட்டாகக் காட்டும் யூஎஸ்பி சீரியல் அடுக்கின் மேல், கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், இயங்கும் ஒரு மாட்யூல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அட்டையின் முதல் பதிலான ஏடிஆரைப் பிரிப்பதையும், அட்டையோடு பைட் பைட்டாகப் பேசும் டி=0 நெறிமுறையையும் அதிலேயே சேர்க்க நினைக்கிறேன். நேரக் கட்டுப்பாடு கடுமையான வேலையைக் கர்னலிடம் ஒப்படைப்பதே முறை என்பது என் கருத்து.

முத்தியால்பேட்டை:
நண்பரே, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் கணக்கில் நிற்கவில்லை. ஸ்மார்ட் கார்டுகளுக்கான ஐஎஸ்ஓ 7816-3 தரப்படி, அட்டைக்கு 3.5712 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் கொடுத்து, தொடக்க மதிப்பான 372ஆல் வகுத்தால் 9600 பாட், அதாவது வினாடிக்கு 9600 பிட், வருகிறது; அதாவது ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோவினாடி. டி=0 முறையில் பாரிட்டி பிழை (பைட் சிதைந்து வந்ததன் அறிகுறி) கண்டால், பெறுபவர் தொடக்க பிட்டிலிருந்து 10.5 பிட் நேரத்தில், அதாவது சுமார் 1.1 மில்லிவினாடியில், கோட்டைக் கீழிறக்கிக் காட்ட வேண்டும். ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பியில் ஒரு ஃப்ரேமே 1 மில்லிவினாடி என்னும்போது, பைட் கணினிக்கு வந்து, உங்கள் மாட்யூல் அதைச் சரிபார்த்து, பதில் திரும்பப் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். அந்த வேலையை ரீடரில் உள்ள சிப் மட்டுமே செய்ய முடியும். மறுபுறம், அட்டையின் பதிலுக்காக நாம் காத்திருக்க வேண்டிய உச்சநேரம் இயல்பாக 9600 பிட் நேரம், அதாவது முழுதாக ஒரு வினாடி. அவ்வளவு நேரத்தைக் கணக்கில் வைத்திருக்கச் சாதாரண நிரலே போதும்.

பாதுகாப்பை எண்ணினால் இன்னும் கவலையாக இருக்கிறது. அட்டையை யார் வேண்டுமானாலும் செய்து கொண்டுவந்து செருகலாம். தன்னிடம் வரலாற்று பைட்டுகள் (அட்டையைப் பற்றிய கூடுதல் குறிப்புகள்) எத்தனை உள்ளன என்று ஏடிஆரே சொல்லிக்கொள்கிறது. அந்த எண்ணை அப்படியே நம்பி நினைவகத்தில் எழுதினால், கர்னலுக்கு வெளியே இயங்கி ரீடர்களைக் கவனிக்கும் பிசிஎஸ்சிடி என்ற பின்னணி நிரல் விழுந்தாலும் மறுபடி எழுந்துவிடும். அதே பிழை கர்னலுக்குள் நேர்ந்தால் கணினியே போய்விடும்.

கெடிலக்கரை:
நேரக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஐயூயூ ஃபீனிக்ஸ் என்ற ரீடர் டிரைவர் பல ஆண்டுகளாக அதிகாரபூர்வக் கர்னலிலேயே இருக்கிறது. அதற்கு இடமுண்டு என்றால் இதற்கு ஏன் கூடாது? எங்கள் ஊரின் நிலைமையையும் எண்ணிப் பாருங்கள். உப்புக்காற்றில் யூஎஸ்பி முனைகள் துருப்பிடித்து, அட்டையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோகிறது. யூஎஸ்பி சீரியல் அடுக்கோ, திறந்திருக்கும் போர்ட்டை முறையாக மூடி, நிரலுக்கும் தெரிவித்துவிடுகிறது.

முத்தியால்பேட்டை:
அந்த டிரைவரைத் திறந்து படித்துப் பாருங்கள். அது என் பக்கத்துச் சாட்சி. 3.579, 3.680, 6 மெகாஹெர்ட்ஸ் என்று கடிகாரத்தைத் தேர்வது, மின்சாரம் கொடுப்பது, ரீசெட் செய்வது, அட்டை செருகப்பட்டிருப்பதை சீரியல் போர்ட்டின் நிலை காட்டும் மோடம் கோடுகளில் ஒன்றாகக் காட்டுவது, பைட்டுகளைக் கடத்துவது ஆகியவற்றோடு அது நின்றுவிடுகிறது. டி=0 பேசும் வேலை போர்ட்டைத் திறக்கும் நிரலுடையது.

இணைப்பு அறுவதைப் பற்றிச் சொன்னீர்கள். ஆபத்து மிகுந்த இடமே அதுதான். அடுக்கு தன் பங்கைச் செய்யும்; ஆனால் டி=0க்காக நீங்கள் வைத்த டைமர், நினைவகம் விடுவிக்கப்பட்ட பிறகு ஓடினால் என்னாகும்? வெளியே பிசிஎஸ்சிடிக்கான ஹேண்ட்லராக (அது ஏற்றிக்கொள்ளும் ரீடர் டிரைவராக) எழுதினால், ரீடர் வருவதையும் போவதையும் பிசிஎஸ்சிடியே கவனித்துக்கொள்ளும்.

உப்பனாறு:
கல்லூரி மாணவி நான். இரண்டு அண்ணன்மாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். ஃபீனிக்ஸ் வகை ரீடரில் ஆர்டிஎஸ் என்ற சீரியல் கட்டுப்பாட்டுக் கோடுதான் அட்டையின் ரீசெட். சீரியல் போர்ட்டை (டிடிஒய்) திறந்து மூடும்போது லினக்ஸ் வழக்கமாக அந்தக் கோட்டின் நிலையை மாற்றுகிறது. ஒரு நிரல் பின் எண்ணைச் சரிபார்த்த பிறகு வேறொரு நிரல் போர்ட்டைத் தொட்டுவிட்டால், அட்டை ரீசெட் ஆகி அனுமதி போய்விடாதா?

கெடிலக்கரை:
போய்விடும், தங்கையே. அதனால் அந்தப் போர்ட்டை ஒரே நிரல் மட்டும் திறக்குமாறு பூட்டி வைக்க வேண்டும். டி=0ஐயும் ஏடிஆரையும் கர்னலிலிருந்து எடுத்துவிடுகிறேன். சீரியல் பகுதியை மட்டும் விடமாட்டேன். சங்கத்தின் கணக்கு நிரல் சீரியல் போர்ட்டைத்தான் அறியும், அதை எழுதியவர் இப்போது எங்களோடு இல்லை.

முத்தியால்பேட்டை:
அப்படியானால் அதை அதிகாரபூர்வக் கர்னலுக்கு அனுப்புங்கள், கையோடு வைத்துக்கொள்ளாதீர்கள். கர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல. 6.1 பதிப்பில் சீரியல் அமைப்புகளை மாற்றும் செட் டெர்மியோஸ் என்ற செயல்கூற்றின் கடைசி அளவுரு கான்ஸ்ட் (மாற்றக்கூடாதது) ஆனபோது, வெளியே வைத்திருந்த சீரியல் டிரைவர்களைத் திருத்த வேண்டியதாயிற்று. அடுத்த முறை அத்தகைய மாற்றம் வரும்போது முதுநகரில் யார் திருத்துவார்?

கெடிலக்கரை:
அனுப்புகிறேன். அதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை சங்கம் மூடியிருக்கும்போது, அட்டையைப் படிக்கும் நடுவிலேயே கேபிளைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிப் பார்க்கப் போகிறேன்.

முத்தியால்பேட்டை:
நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசன் வசதியைச் சேர்த்துத் தொகுத்த கர்னலில் பிடுங்குங்கள். விடுவித்த நினைவகத்தைத் தொட்ட அந்த நொடியிலேயே அது எந்த வரி என்று காட்டிவிடும். பதிவு கிடைத்ததும் இங்கே முழுதாக ஒட்டுங்கள், நானும் படித்துப் பார்க்கிறேன்.