பத்து வருடம் தாண்டிய கார்: இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் எந்த வொர்க்‌ஷாப்பை நம்புவது?

ஈசூன்வாசி:
வணக்கம். எங்களுடையது டொயோட்டா ஆல்டிஸ். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ உரிமைச் சான்றிதழை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டுகிறோம். பத்து வருடம் தாண்டிவிட்டதால் இனி வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன். பாஸானால்தான் சாலை வரி கட்ட முடியும். எதற்கும் பார்த்துவிடலாமே என்று ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். காரைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு அப்சார்பர் (குலுக்கலைத் தாங்கும் குழாய்), சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்ம், பிரேக் டிஸ்க் எல்லாம் மாற்றணும் என்று 1,800 வெள்ளி சொன்னார்கள். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது இந்தக் காரில்தான். பிரேக்கில் நிஜமாகவே கோளாறு இருந்தால் செலவு செய்யத் தயார். யாரிடம் காட்டலாம், அண்ணன்மாரே?

பழைய ஃபோர்மன்:
தம்பி, பணம் எதுவும் கட்டிவிடாதீங்க. காரைத் தூக்காமல் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓட்டும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, கிறீச்சென்று சத்தம் வருகிறதா? அப்படியென்றால் இன்றே வேறு கடையில் காட்டுங்கள், அதற்குக் காத்திருக்கக் கூடாது. இல்லையென்றால் நேராக விகாம், எஸ்டிஏ, ஜேஐசி ஆகிய மூன்று வாகனப் பரிசோதனை நிறுவனங்களில் ஒன்றுக்குப் போங்கள். பிரேக், புகை, ஹெட்லைட், அடிப்பாகம் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். ஃபெயிலானால் எதில் என்று தாளில் வரும். அந்தத் தாளோடு, கார் பழுதுபார்க்கும் கடைகள் நிறைந்த சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். தாளில் உள்ளதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். மறுபரிசோதனைக் கட்டணம் முதல் கட்டணத்தைவிடக் குறைவுதான்.

அப்சார்பரை நீங்களே பார்க்கலாம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். குழாய் காய்ந்து தூசியாக இருந்தால் கவலையில்லை. எண்ணெய் வழிந்து, அதில் அழுக்கு அப்பிப் பிசுபிசுவென்று இருந்தால் அது ஒழுகுகிறது, மாற்றத்தான் வேண்டும். வயதான காரில் இரண்டு மாற்ற வேண்டிவரலாம். நான்கையும் பார்க்காமலே மாற்றச் சொல்கிறவரிடம் காரை விடாதீங்க.

தெம்பனிஸ் அக்கா:
ஃபோர்மன் அண்ணன் சொல்வது சரி. நான் வேலை கொடுக்குமுன் பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குவேன். கழற்றிய பழைய பாகங்களை காரின் பின்பெட்டியில் போட்டுத் தரச் சொல்வேன். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். என் பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டியவரிடம்தான் இன்றுவரை போகிறேன். நம்பகமான கடைகளுக்குப் பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகைக் கோரிக்கை) நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே கையில் இருக்கும் ரசீதுதான் பேசும்.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன்: முன்பக்கம் இடதில் மட்டும் ஈரம், மற்றதெல்லாம் காய்ந்திருக்கிறது. பிரேக் இழுக்கவில்லை, சத்தமும் இல்லை. டயரும் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமும் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பழைய ஃபோர்மன்:
முன்பக்கம் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், பின்பக்கத்தைத் தொட வேண்டாம். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் மேடு டயரோடு சமமாகிவிட்டால் முடிந்தது. ஃபிலிம் என்றால், முன் கண்ணாடியும் முன் ஜன்னல்களும் 70 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும். பின்பக்கத்துக்கு 25 போதும். கிளம்புமுன் நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், சில வெள்ளி பல்புக்காக மறுபடி அலைய வேண்டாம்.