எந்தப் பெட்டியில் கை வைப்பீர்கள்?

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில், ஒரு மாநாட்டில் என் போஸ்டருக்கு, அதாவது ஆய்வை ஒரே பெரிய தாளில் விளக்கி மாட்டும் சுவரொட்டிக்கு, பரிசு கிடைத்தது. பார்வையாளர் பங்கேற்கும் போஸ்டர் என்றதும் தொடுதிரை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு அட்டைப் பெட்டி, நூற்றுப்பத்து மணிகள், அவ்வளவுதான்.

மருத்துவ ஒப்புதல் படிவத்தில் பக்கவிளைவின் வாய்ப்பை எப்படி எழுதினால் நோயாளிக்குச் சரியாகப் புரியும் என்பது என் ஆய்வு. முதலில் ஏழு வரைபடங்களை நெருக்கியடித்து வைத்திருந்தேன். நெறியாளர் பார்த்துவிட்டு, "இதை நின்றுகொண்டு யாரம்மா படிப்பார்கள்?" என்றார். அன்று இரவு முழுக்க அவர்மேல் கோபம்.

டெனஸ்-ராஜ், எப்ஸ்டைன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1994இல் வெளியிட்ட ஒரு சோதனை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிவப்பு மிட்டாய் எடுத்தால் பணம். ஒரு கிண்ணத்தில் 10 மிட்டாய், அதில் சிவப்பு ஒன்று. இன்னொன்றில் 100, சிவப்போ பத்துக்கும் குறைவு. வாய்ப்பு குறைவென்று தெரிந்தும் பலர் பெரிய கிண்ணத்தையே நாடினார்கள். மிட்டாய்க்குப் பதில் நான் மணிகள் வைத்தேன்: சிறிய பெட்டியில் 10க்கு 1 சிவப்பு, பெரியதில் 100க்கு 8. போஸ்டரின் நடுவில் கொட்டை எழுத்தில் "எந்தப் பெட்டி?" என்று மட்டும் எழுதினேன். கை வைத்த பிறகுதான் காகித மடிப்பைத் தூக்க வேண்டும். உள்ளே 10 சதவீதம், 8 சதவீதம் என்று இருக்கும்.

ஒரு மூத்த பேராசிரியர் பெரிய பெட்டிக்குள் கையை விட்டார். இன்னொரு கையால் மடிப்பைத் தூக்கிப் பார்த்தவர், விட்ட கையை எடுக்காமலே சிரித்தார். "நான் புள்ளியியல் நடத்துகிறவன்" என்றார். ஐந்து நிமிடத்தில் நண்பர்கள் மூவரோடு திரும்பி வந்து, விடையைச் சொல்லிவிடாதே என்று எனக்குக் கண்ஜாடை காட்டினார். நடுவர்கள் வரும்போது மடிப்பை ஒட்டியிருந்த நாடா பிய்ந்துபோய், அதைக் கையால் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

*

உங்கள் போஸ்டர் கதையைப் படித்தேன். எனக்கு நடந்தது நேர்மாறு. வாடகைக்குத் தொடுதிரை எடுத்தேன். அரங்கில் இணையம் வரவில்லை. வந்தவர்களெல்லாம் சுழலும் வட்டத்தைப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சரி, அச்சடித்த போஸ்டர் இருக்கிறதே, அதில் கியூஆர் குறியீடு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். 1189 மில்லிமீட்டர் உயரமுள்ள ஏ0 தாளில் அதை அடி மூலையில் வைத்திருந்தேன். உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்ட குறியீடு ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்குமாம். முழங்கால் உயரத்தில் இருந்தால் குனிய ஆள் வேண்டுமே!

*

உங்கள் இருவரின் கதையையும் படித்தேன். நான் பல மாநாடுகளில் போஸ்டர்களுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். 2019இல் மைக் மாரிசன் என்ற முனைவர் பட்ட மாணவர், முக்கிய முடிவை ஒரே வாக்கியமாக நடுவில் பெரிதாகப் போடுங்கள் என்று ஒரு காணொளி வெளியிட்டார். அதன்பின் பெரிய எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாக்கியத்தைப் படித்ததும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட முடிகிறது. முதலில் நம்மைத் தவறு செய்யவைத்துப் பிறகு விடை காட்டும் போஸ்டரை விட்டு அப்படி நகர முடியாது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். மணிகள் 1994இன் சரக்கு, உங்கள் சரக்கு எங்கே? விளையாட்டு மட்டும் நினைவில் நின்று ஆய்வு மறந்துபோன போஸ்டர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

*

ஐயா, இதே கேள்வியை அன்றும் ஒரு நடுவர் கேட்டார். முதல் மடிப்புக்கு அடியில் இன்னொன்று வைத்திருந்தேன். அதில் என் ஆய்வில் பயன்படுத்திய படிவங்கள் இரண்டு. பக்கவிளைவு ஒன்றுதான், எழுதிய விதம்தான் வேறு. "எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "200 பேரில் ஒருவருக்கு" என்று இருந்ததைத் தொட்டார். மற்றதில் 0.5 சதவீதம் என்று இருந்தது.