புதுப்பிப்பு: அபலோன் போட்டில ஆட்டம் முடியவே மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அபலோன்ங்கறது ரெண்டு பேர் ஆடற பலகை ஆட்டம், நம்ம கோலிகுண்டுகளால எதிராளி குண்டுகளைப் பலகைக்கு வெளிய தள்ளணும். வழக்கமான ஆரம்ப அடுக்குல ரெண்டு பேரும் 14 குண்டையும் நடுவுல கும்பலா சேர்த்து வச்சுட்டு சும்மா நகர்த்திட்டே இருக்காங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன். இங்க ஒருத்தர் சொன்ன பெல்ஜியன் டெய்சி அடுக்குதான் கைகொடுத்துச்சு, அதாவது ஒவ்வொரு கலருக்கும் ரெண்டு பூ, ஒரு குண்டைச் சுத்தி ஆறு, எதிரெதிர் மூலைல வச்சு ஆரம்பிக்கணும், ரெண்டு கலரும் முதல்லயே நெருங்கி நிக்கறதால தள்ளுமுள்ளு சீக்கிரமே வந்துடுது, யாராச்சும் எதிராளியோட ஆறு குண்டை வெளிய தள்ளி ஜெயிச்சுடறாங்க. ஒவ்வொருத்தர் எடுத்துக்கற நேரத்தையும் அளக்கற செஸ் கிளாக்கும் வச்சோம், நல்லதுதான், ஆனா அது மட்டும் இருந்தப்ப தேக்கம் போகல. எதிர்பார்க்காத விஷயம், பிரிஞ்சு கிடக்கற ரெண்டு பூவையும் நடுவுல சேர்க்கறதுக்குத்தான் சண்டையே, அதுல முந்தினவங்க கைதான் பெரும்பாலும் ஓங்குது.