கூளத்தில் பூச்சிமருந்து அடித்த பிறகு வெள்ளைக்கழிச்சல் டைட்டர் ஏறவில்லை

கேள்வி:
ஆழ்கூளத்தில் 600 முட்டைக்கோழிக் குஞ்சுகள், வயது 6 வாரம். உண்ணிக்காக 24-ம் நாள் குளோர்பைரிபாஸ் கரைசலைக் கூளத்தின் மேலேயே தெளித்துவிட்டார்கள். குஞ்சுகள் உள்ளேதான் இருந்தன. 28-ம் நாள் குடிநீரில் லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி). எச்சில் ஒழுகல், நடுக்கம் இல்லை, தீனியும் குறையவில்லை. 42-ம் நாள் எடுத்த 20 மாதிரிகளிலும் ஹெச்.ஐ. டைட்டர் (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதத்தின் அளவு) 2 அல்லது 3 தான். மருந்துதான் காரணமா?

பதில் 1:
இருக்கலாம். நடுக்கம் வராததை வைத்து நஞ்சு ஏறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நரம்பு வேலைக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் நொதி வெகுவாக அடங்கினால்தான் அந்த அறிகுறிகள் வரும். அதற்குக் குறைந்த அளவே பர்சா, தைமஸ் என்ற எதிர்ப்புத் திறன் உறுப்புகளில் லிம்போசைட்டுகளை (எதிர்ப்புத் திறன் தரும் வெள்ளணுக்களை) அழிக்கக்கூடும். எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பி செல்கள் பக்குவப்படுவது பர்சாவில்தான். குஞ்சுகள் கூளத்தைக் கிளறும், கொத்தும், அதிலேயே புழுதிக் குளியல் போடும். ஒருமுறை தெளித்தாலும் நாள்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

பதில் 2:
டைட்டர் பரவலைக் கவனியுங்கள். தடுப்பூசித் தண்ணீர் சரியாகப் போய்ச் சேராவிட்டால் சிலவற்றில் 6, சிலவற்றில் 0 என்று சிதறும். உங்களுக்கு எல்லாமே ஒரே மட்டத்தில் கீழே. அப்படியானால் ஒன்று தடுப்பூசி வைரஸே செத்திருக்கும் (குளோரின் தண்ணீர், குளிர்ச்சி விட்டுப்போன குப்பி), அல்லது கூட்டம் முழுவதற்கும் எதிர்ப்புத் திறன் அடங்கியிருக்கும். 3 பறவைகளை அறுத்து, ஆசனவாய்க்கு உட்புறம் முதுகுப் பக்கமாக இருக்கும் பர்சாவை மண்ணீரலோடு ஒப்பிடுங்கள். இந்த வயதில் பர்சாதான் பெரிதாக இருக்க வேண்டும்.

கேட்டவர்:
பார்த்தாயிற்று. மூன்றிலும் பர்சா மண்ணீரலைவிடச் சிறியது. உள்மடிப்புகள் தட்டை, ரத்தக்கசிவு இல்லை. 18-ம் நாள் கம்போரோ (பர்சாவைத் தாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசியில் வீரியம் கூடிய இன்டர்மீடியட் பிளஸ் ரகம் கொடுத்திருக்கிறது.

பதில் 2:
அந்த ரகத் தடுப்பூசியும் பர்சாவைச் சுருக்கும், கம்போரோ நோயும் சுருக்கும். அதனால் மருந்து மேல் மட்டும் பழி போட முடியாது. பர்சா, தைமஸ், மண்ணீரல் மூன்றையும் 10% பார்மலினில், உறுப்பைப் போல் 10 மடங்கு அளவு ஊற்றி அனுப்புங்கள். கல்லீரலையும் கூளத்தையும் தனித்தனியாக உறைய வைத்து பூச்சிமருந்து எச்சப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தீனியில் அஃப்ளாடாக்சினும் (பூஞ்சை நஞ்சு) பார்த்துவிடுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

பதில் 1:
முடிவு வரும்வரை காத்திருக்காமல் கூளம் முழுவதையும் வாரிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழையதன் மேல் புதுக் கூளம் பரப்பினால் பயனில்லை, கிளறி மேலே கொண்டுவந்துவிடும். மறுதடுப்பூசியை அதற்குப் பிறகு போடுங்கள்: தண்ணீரில் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரை முதலில் கலந்து, 20 நிமிடம் கழித்துத் தடுப்பூசி. 2 மணி நேரத்தில் குடித்து முடிக்க வேண்டும். 14 நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள். இனி உண்ணிக்கு அடிப்பதானால் காலிக் கொட்டகையில், சுவர் விரிசல்களிலும் கம்ப இடுக்குகளிலும் மட்டும். உண்ணி ஒளிந்திருப்பது அங்கேதான்.